தன்னிறைவின் வாசலில் விருந்தினர்

உணவையும் நீரையும் உடையையும் விளக்கொளியையும் தாமே ஆக்கிக்கொண்டு, கடைத்தெருவையும் மின்கம்பியையும் எதிர்பாராமல் வாழ முயலும் சிறு குடியிருப்புகள் பல நாடுகளில் உள்ளன. அவற்றில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி, அங்குள்ளோருடன் மண் வெட்டி, சமைத்து, பாத்திரம் கழுவி அவ்வாழ்க்கையைப் பழகிப் பார்க்க வருவோரும் இருக்கின்றனர். இவ்வருகையைச் சூழலியல் நோக்கில் ஆராய்வோர் எவ்வளவு எரிபொருள் மிச்சமாயிற்று, எவ்வளவு குப்பை குறைந்தது என்று கணக்கிடுவர். அக்கணக்கு தேவையானதே. ஆயினும் அதற்குள் அடங்காத வேறொரு கேள்வி உண்டு: பிறரைச் சாராமல் வாழ்வதையே நோக்கமாகக் கொண்ட ஓரிடத்திற்கு ஒருவர் விருந்தினராகச் செல்வது தன்னுள்ளேயே முரண்பட்ட செயல் ஆகாதா? விருந்தினர் என்பவர் பிறர் சமைத்த சோற்றை உண்பவர். தன்னிறைவைக் கற்க வந்த அவர் முதல் நாளிலேயே மற்றவர்களுடைய உழைப்பின்மீது சாய்ந்துகொண்டுதான் பாடத்தைத் தொடங்குகிறார்.

தன்னிறைவு என்னும் கருத்தைக் கிரேக்கர் ‘அவுதார்கெயா’ என்றனர். தனக்குத் தானே போதுமாயிருத்தல் என்பது அதன் பொருள். தயோஜனஸ் வழிவந்த சினிக் மரபினர் அதைத் தனிமனிதனின் விடுதலையாகக் கண்டு, தேவைகளைச் சுருக்கச் சுருக்க மனிதன் எவர்க்கும் அடிமையாகாமல் வாழ்வான் என்றனர். அரிஸ்டாட்டில் அதே சொல்லை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திருப்பினார்: பெற்றோர், மனைவி மக்கள், நண்பர், ஊரார் ஆகியோரோடு கூடி வாழும் மனிதனுக்குப் போதுமானதே தன்னிறைவு என்றும், எவருடைய துணையும் வேண்டாமல் சமூகத்திற்கு வெளியே நிற்க வல்லவன் விலங்காகவோ தெய்வமாகவோதான் இருக்க முடியும் என்றும் அவர் கருதினார். தன்னிறைவுக் குடியிருப்புகளைப் பற்றிய இன்றைய பேச்சில் இவ்விரு பொருள்களும் பிரித்தறியப்படாமல் கலந்து வழங்குகின்றன. தயோஜனஸின் விடுதலையைத் தேடி வருபவர் அரிஸ்டாட்டிலின் ஊரில் வந்து இறங்குகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

விருந்து என்னும் தமிழ்ச்சொல்லுக்குப் புதுமை என்பது ஒரு பழம்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாக யாக்கப்படும் செய்யுளை இப்பெயராலேயே சுட்டுகிறது. வீட்டு வாசலுக்கு வரும் புதியவரும், அவர் பொருட்டு ஆக்கப்படும் உணவும் இப்பெயர் பெற்றது அப்பொருளின் விரிவாகக் கொள்ளத்தக்கது. இந்தச் சொல்லாட்சி ஆழமாக எண்ணத்தக்கது. ஏனெனில் முழுமையாகத் தன்னிறைவு பெற்ற ஓர் ஊருக்கு இல்லாத ஒன்று உண்டென்றால் அது புதுமைதான். திருக்குறள் விருந்தோம்பலைத் துறவறத்தின்கண் வைக்காமல் இல்லறவியலில், நூலின் ஒன்பதாம் அதிகாரமாக வைத்ததற்கும் ஒரு காரணம் காணலாம்: சேர்த்து வைப்பவரால்தான் பகிர முடியும், களஞ்சியம் உள்ள வீட்டில்தான் விருந்தினரைப் பற்றிய கேள்வியே எழுகிறது.

களஞ்சியமும் வாசலும் ஒருங்கே இருக்க வேண்டும் என்று மிகத் தெளிவாக வகுத்த சமய நூல்களுள் ஒன்று, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி எழுதிய ஒழுங்குநூல். எழுபத்து மூன்று அதிகாரங்களைக் கொண்ட இந்நூல் மேலை உலகத் துறவு மடங்கள் பலவற்றின் அன்றாட வாழ்வை இன்றளவும் நெறிப்படுத்துகிறது. அதன் 66-ஆம் அதிகாரம், துறவியர் வெளியே அலைய நேராதபடி தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம், கைத்தொழில்கள் ஆகிய அனைத்தும் மதிலுக்குள்ளேயே அமைய வேண்டும் என்கிறது. 53-ஆம் அதிகாரமோ, வரும் விருந்தினர் அனைவரையும் கிறித்துவாகவே எண்ணி வரவேற்க வேண்டும் என்றும், நேரங்கெட்ட நேரத்தில் வரும் அவர்களால் மற்றவர்களின் ஒழுங்கு குலையாதிருக்கத் தனிச் சமையலறை அமைக்க வேண்டும் என்றும் கூறுகிறது. விருந்தினர் இல்லாத நாளே மடத்தில் இராது என்பதை அது இயல்பான செய்தியாக எடுத்துக்கொள்கிறது. மடத்தின் தன்னிறைவு உலகைத் தடுக்கும் மதில். விருந்தினர் அம்மதிலில் தெரிந்தே விடப்பட்ட வாயில்.

விருந்தினராக வந்தவர் அங்கேயே தங்க விரும்பினால் நிலைமை வேறாகிறது. 58-ஆம் அதிகாரத்தின்படி அவர் எளிதில் சேர்த்துக்கொள்ளப்படுவதில்லை. நான்கைந்து நாள் வாசலில் நின்று, மறுப்பையும் கடுஞ்சொல்லையும் பொறுத்த பிறகே விருந்தினர் அறையில் இடம் தரப்படும். பின்னர் ஓராண்டுக் காலத்தில், இரண்டு மாதம், ஆறு மாதம், நான்கு மாதம் என மூன்று இடைவெளிகளில், ஒழுங்குநூல் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வெளியேற அவருக்கு உரிமை உண்டு. ஆண்டின் முடிவில் உறுதிமொழி எடுத்தவுடன் அவருடைய சொந்த உடை களையப்பட்டு மடத்தின் உடை அணிவிக்கப்படுகிறது. ஆனால் பழைய உடை எறியப்படுவதில்லை. என்றேனும் ஒருநாள் அவர் போக முடிவு செய்தால் மீண்டும் அணிந்துகொள்வதற்காக அது துணி அறையில் பத்திரமாக வைக்கப்படுகிறது. கடுமைக்குப் பெயர்பெற்ற நூலில் இப்படி ஒரு விதி இருப்பது வியப்புக்குரியது. மனித மனத்தை அறிந்தவர் எழுதிய விதி அது.

மடத்தின் இத்தன்னிறைவுக்கு நேர்மாறான வழியைப் பௌத்தம் தேர்ந்தது. பௌத்தத் துறவியருக்கான விதிகளின் தொகுதியாகிய விநயம், பிக்கு நிலத்தைத் தோண்டுவதையும், செடிகொடிகளை வெட்டுவதையும், வாங்கிய உணவை மறுநாளுக்குச் சேர்த்து வைத்து உண்பதையும் குற்றமாக்குகிறது. பிக்கு என்னும் சொல்லுக்கே இரந்துண்பவர் என்பது பொருள். எனவே பௌத்த சங்கம் திட்டமிட்டே தன்னிறைவற்றதாக அமைக்கப்பட்டது. ஊர் மக்களின் கையை நாள்தோறும் எதிர்நோக்கி நிற்பது அங்கே ஒரு பயிற்சி. சீனத்துச் சான் மடங்களில், எட்டாம் நூற்றாண்டின் பைசாங் ஹுவாய்ஹாய் பெயரால் வழங்கும் மரபில், துறவியரும் வயலில் இறங்கி உழைக்க வேண்டும் என்ற மாற்றம் வந்தது உண்மையே. எனினும் முதல் விதியின் உட்பொருள் அதனால் அழிந்துவிடவில்லை. சார்ந்திருத்தல் தாழ்வு, சாராதிருத்தல் உயர்வு என்ற இன்றைய எளிய எண்ணம் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானதன்று என்பதை நிலைநாட்ட இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

தன்னிறைவுக் குடியிருப்பு ஒன்றிற்கு ஒரு பார்வையாளர் சென்றதால் என்ன விளையும் என்பதை ஆராய, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பைன்டவுன் அருகேயுள்ள மரியன்ஹில் மடத்தைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் ஃபானர் 1882-இல் நிறுவிய இம்மடம் அப்போது டிராப்பிஸ்டுகளுக்குரியதாக இருந்தது. பெனடிக்டின் ஒழுங்குநூலை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றி, பேசாமையையும் உடலுழைப்பையும் கைக்கொண்ட துறவியருக்கு அப்பெயர். தச்சு, கொல்வேலை, தோல் பதனிடுதல், செருப்புத் தைத்தல், அச்சு என அங்கே தொழிற்கூடங்கள் நிறைந்திருந்தன. பேசாமை விதி, வெளியே கொள்முதலுக்குச் செல்வோருக்கும் விருந்தினரைக் கவனிப்போருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டிருந்தது. தன்னிறைவு பெற்ற இடமும் இரண்டு வேளைகளில் வாய் திறந்தாக வேண்டும் என்பதை இவ்விலக்கு தானாகவே ஒப்புக்கொள்கிறது. 1895-இல் இம்மடத்தைப் பார்க்க வந்தவர்களுள் ஒருவர் இருபத்தைந்து வயது நிரம்பிய இளம் வழக்கறிஞர் மோகன்தாஸ் காந்தி. லண்டனில் வெளிவந்த ‘வெஜிடேரியன்’ இதழில் அவ்வாண்டே அவர் அதைப் பற்றி வியந்து எழுதினார். அப்போது அவருடைய வாழ்க்கைமுறை மாறிவிடவில்லை. டர்பனில் வீடும் வழக்கறிஞர் தொழிலும் தொடர்ந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1904-இல், ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூல் ஒன்றைப் படித்த வேகத்தில் அவர் ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். வரலாற்றாசிரியர்கள் அந்த நூலுக்கே முதலிடம் தருவர். மரியன்ஹில்லில் கண்ட காட்சி அதற்கு முன்பே மண்ணுக்குள் கிடந்த விதை என்று கொள்வதற்கும் இடமுண்டு. ஒரு பார்வையாளரின் வருகை எப்போது முளைக்கும் என்பதை அவர் விடைபெறும் நாளில் எவராலும் அளக்க இயலாது.

மரியன்ஹில்லின் பிற்கால வரலாறும் இங்கே குறிக்கத்தக்கது. சுற்றிலும் வாழ்ந்த ஆப்பிரிக்க மக்களுக்குப் பள்ளிகளும் கிளை நிலையங்களும் அமைக்க அமைக்க, மதிலுக்குள் அடங்கிய மௌன வாழ்வும் வெளியுலகப் பணியும் ஒன்றோடொன்று மோதின. 1909-இல் அம்மடம் டிராப்பிஸ்டு அமைப்பிலிருந்தே பிரிக்கப்பட்டுத் தனிச் சபையாயிற்று. வாயில் மதிலை வென்ற கதை என்று இதைச் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு, 1910 மே 30-இல், ஜொகானஸ்பர்க்கிலிருந்து இருபத்தொரு மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்திற்கு அருகே, 1,100 ஏக்கர் நிலத்தை ஹெர்மன் காலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் வாடகையின்றிக் காந்தி தலைமையிலான போராட்டக்காரரின் பயன்பாட்டிற்கு அளித்தார். டால்ஸ்டாய் பண்ணை எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் நின்றன. நீர்நிலை குடியிருப்பிலிருந்து ஐந்நூறு கஜம் தள்ளியிருந்ததால் காவடி கட்டித்தான் தண்ணீர் சுமக்க வேண்டியிருந்தது. வேலையாட்கள் இல்லை. கோதுமையைக் கையால் சுழற்றும் இரும்பு எந்திரத்தில் அரைத்து, தவிடு நீக்காமல் ரொட்டி சுட்டனர். நிலக்கடலையை அரைத்து வெண்ணெய்க்கு மாற்றாக்கினர். தோட்டத்து ஆரஞ்சில் பழப்பாகு காய்ச்சினர். சொந்த வேலையாக நகரத்திற்குப் போவோர் நடந்தே போக வேண்டும் என்பது விதி. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து புறப்படுவோரின் கையில் இந்த ரொட்டியும் கடலை வெண்ணெயும் பழப்பாகுமே கட்டுச்சோறு. செருப்புத் தைக்கும் தொழிலைக் காலன்பாக் கற்றுவந்த இடம் வேறெதுவுமன்று, மரியன்ஹில் மடமே.

இப்பண்ணை தன்னிறைவுக்காகத் தோன்றியதன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். டிரான்ஸ்வால் அரசின் இந்தியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை புகுந்தவர்களின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகாத நிலையில், அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்திச் சிக்கனமாக வாழச் செய்வதே நோக்கம். அக்குடும்பங்களில் தமிழர் கணிசமாக இருந்தனர்; பண்ணையில் வாழ்ந்தோரிடையே இந்து, முஸ்லிம், கிறித்தவர், பார்சி என்ற வேறுபாடுகளும் கலந்திருந்தன. ரமலான் நோன்பில் இந்துப் பிள்ளைகளும் துணைநோன்பு இருந்தனர். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியே. கப்பலிலும் சிறையிலும் போப் என்னும் தமிழறிஞர் எழுதிய கையேட்டைக் கொண்டு தாம் கற்றதற்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே அவ்வகுப்பில் ஆசிரியரே மொழிக்கு விருந்தாளியாக அமர்ந்திருந்தார் எனலாம். சுகாதாரத்தையும் சந்தைக் கொள்முதலையும் போராட்டத் தோழர் தம்பி நாயுடு கவனித்தார். கொள்முதல் என்ற ஒரு பொறுப்பு இருந்ததே பண்ணையின் தன்னிறைவுக்கு எல்லை வகுத்துவிடுகிறது. போராட்ட நிதிக்கு இந்தியாவிலிருந்து ரத்தன்ஜி டாட்டா அனுப்பிய ரூ. 25,000 போன்ற கொடைகளையும் சேர்த்துப் பார்த்தால், கடலுக்கு அப்பாலிருந்த ஆலைகளின் இலாபமும் அந்தத் தவிட்டு ரொட்டியில் கலந்திருந்தது புலப்படும். இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. தன்னிறைவு அங்கே இலட்சியமாக இருந்ததைவிடப் போராடுவோரின் செலவைக் குறைக்கும் உத்தியாக இருந்தது என்பதே அதன் நேர்மை.

1912-இல் இந்தியத் தலைவர்களுள் ஒருவரான கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது இப்பண்ணைக்கும் வந்தார். அவரது உடல்நலம் மெலிந்திருந்தது. பண்ணையில் தனியறை இல்லை, கட்டில் இல்லை, அமர்வதற்குப் பள்ளிக்கூட பெஞ்சுகளைத் தவிர வேறொன்றுமில்லை. ரயிலடியிலிருந்து ஒன்றரை மைல் நடக்கவும் வேண்டும். அன்று மழை பெய்ததால் கோகலேவுக்குச் சளி பிடித்தது. காலன்பாக்கின் அறையில் அவர் தங்கவைக்கப்பட்டார். சமையலறையிலிருந்து அங்கே கொண்டுவருவதற்குள் உணவு ஆறிப்போயிற்று. அவருக்காகக் கட்டில் ஒன்று வருவிக்கப்பட்டிருந்தது; மற்றவர் அனைவரும் தரையில் படுப்பதை அறிந்ததும் அதை அகற்றச் சொல்லித் தாமும் தரையில் விரிப்பு விரித்துக்கொண்டார். கால் பிடித்துவிட வந்த காந்தியையும் காலன்பாக்கையும் தொடவிடாமல், பாதி விளையாட்டாகவும் பாதிச் சினத்தோடும் அவர் சொன்னதைக் காந்தியே பின்னாளில் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் பதிவு செய்துள்ளார்: துன்பம் தாங்கவே தாங்கள் பிறந்ததாகவும், தம்மைப் போன்றோர் தங்களிடம் செல்லம் பெறப் பிறந்ததாகவும் இவர்கள் எண்ணுகிறார்கள், இந்த மிகைக்குத் தண்டனையை இன்று அனுபவிக்கட்டும், எவ்வளவு இடர்ப்பட்டாலும் இவர்களுடைய கர்வத்தை அடக்காமல் விடப்போவதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த இரவு முழுதும் வருத்தத்தில் கழிந்தது என்கிறார் காந்தி.

எளிய வாழ்வுக்கு ஒரு செருக்கு உண்டு என்பதையும், அச்செருக்கு விருந்தினர் வந்த பிறகே கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் இவ்வளவு கூர்மையாக எடுத்துரைக்கும் நிகழ்ச்சி வேறில்லை. தான் தரையில் படுத்துக்கொண்டு விருந்தினருக்கு மட்டும் கட்டில் இடுபவர், உபசரிப்பு என்ற பெயரில் இருவருக்கும் இடையே ஒரு படியை அமைக்கிறார். அந்தப் படியில் மேலே நிற்பவர் கட்டிலில் படுப்பவரல்லர். கோகலே கட்டிலை விலக்கியது பண்ணையின் வாழ்வைப் பழகிப் பார்க்கும் ஆசையினாலன்று. பண்ணை தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தைத் திருத்துவதற்காக. விருந்தினருக்கு இவ்வுரிமை உண்டு என்பதை இன்றைய தன்னிறைவுக் குடியிருப்புகளில் பல ஏற்றுக்கொள்வதில்லை. வருபவர் கற்க வருகிறார், தாங்கள் கற்பிக்கிறோம் என்ற ஒருவழிப் பாதையே அவற்றின் வரவேற்புப் பலகைகளில் எழுதப்பட்டிருக்கிறது.

வருபவரிடத்தும் குறை உண்டு. சில வாரம் கழித்துத் திரும்பிச் செல்வதற்கான பயணச்சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு வறுமையைப் பழகுவது, வறுமையைப் பகடி செய்வதாகும் என்ற குற்றச்சாட்டு பழையது. கால எல்லை இருப்பதனாலேயே ஒரு பயிற்சி பொய்யாகிவிடும் என்று கொள்வது பொருந்தாது. தாய்லாந்தில் ஆண்கள் பலர் மழைக்காலத்து மூன்று மாதம் துறவாடை அணிந்து பின் இல்லம் திரும்புகின்றனர். தமிழ்நாட்டில் மாலை போட்டவர் ஒரு மண்டலம் தரையில் படுத்து, செருப்பு நீக்கி, குளிர்நீரில் குளித்து, மாலையைக் கழற்றியதும் பழைய வாழ்வுக்கு வந்துவிடுகிறார். முடியும் நாள் தெரிந்திருந்தும் அவர்களை எவரும் வேடதாரிகள் என்பதில்லை. அவர்கள் எடுத்துக்கொள்வது விரதம். விரதம் என்பது குறித்த காலம்வரை தன் விருப்பத்தைத் தானே ஒதுக்கிவைப்பது. பிடிக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. குடியிருப்புக்கு வருபவர் செய்வது பெரும்பாலும் சோதனை. பிடிக்கிறதா என்ற கேள்வியே அதன் உயிர். இரண்டுக்கும் காலம் ஒன்றாக இருக்கலாம், வேலையும் ஒன்றாக இருக்கலாம். பெனடிக்டின் மடத்தில் உறுதிமொழி எடுத்தவரின் பழைய உடை மடத்தின் துணி அறையில் இருப்பதும், சோதித்துப் பார்ப்பவரின் உடை அவருடைய பையிலேயே இருப்பதும்தான் வேறுபாடு.

சோதனைக்கும் ஒரு பயன் உண்டு. அது பலரும் எதிர்பார்க்கும் பயனன்று. ஐந்நூறு கஜம் காவடியில் நீர் சுமந்தவர் தன்னால் சுமக்க முடியும் என்பதைக் கற்பதைவிட, இதுவரை தனக்காக யாரோ சுமந்துகொண்டிருந்தனர் என்பதையே முதலில் கற்கிறார். வைதிக மரபு மனிதன் பிறக்கும்போதே ருணத்தோடு, அதாவது கடனோடு, பிறப்பதாகக் கூறுகிறது; தேவர், முனிவர், மூதாதையர் ஆகியோருக்குரிய மூன்று கடன்களோடு சதபத பிராமணம் நான்காவதாக மனிதர்க்குரிய கடனையும் சேர்த்து, உணவும் உறைவிடமும் அளித்து அதைத் தீர்க்க வேண்டும் என்கிறது. தமிழில் கடன் என்னும் ஒரே சொல் திருப்பித் தர வேண்டியதையும் செய்தே ஆக வேண்டியதையும் குறிப்பது இக்கருத்துக்கு மிக அணுக்கமானது. இந்நோக்கில் பார்த்தால் முழுத் தன்னிறைவு என்பது கடனே இல்லாத பிறவியைக் கோருவதாகும். அப்படி ஒரு பிறவியை இம்மரபு அறியாது.

தமிழ்நாட்டிலுள்ள பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில்லின் எல்லையில் 2003-இல் தொடங்கப்பட்ட சாதனா ஃபாரஸ்ட் இக்கடனை வேறொரு வகையில் தீர்க்க முயல்கிறது. மண் அரித்துப் பாழ்பட்ட எழுபது ஏக்கரில் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டை மீட்பதே அதன் பணி. அக்காட்டு வகை இன்று பெரும்பாலும் கோயில்காடுகளில் எச்சமாக நிற்கிறது. சூரிய மின்சாரம், ஓலைக் குடில்கள், மலத்தை உரமாக்கும் கழிப்பறைகள், விலங்குப் பொருள் கலவாத உணவு என்பன அங்குள்ள வாழ்வு. கரை கட்டவும் கன்று நடவும் வருவோர் பல நாடுகளிலிருந்து, பெரும்பாலும் விமானத்தில், வருகின்றனர். அந்தப் பயணத்தின் புகைக்கு எத்தனை கன்று ஈடாகும் என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. எனினும் விருந்தினரின் உழைப்பாலேயே நிலைபெற்ற இடம் அது. அங்கே தங்கிப் போனவர் நட்ட மரம் அவருக்கு நிழலும் தராது, பழமும் தராது.

டால்ஸ்டாயின் பெயரைத் தாங்கிய பண்ணை தொடங்கி ஆறு மாதம் ஆகுமுன்னரே, 1910 நவம்பரில், எண்பத்திரண்டு வயதான ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தம் பிரபு மாளிகையை விட்டு இரவோடிரவாக வெளியேறினார். அவர் முதலில் சென்ற இடங்களுள் ஒன்று ஆப்டினா என்னும் ருஷ்யத் துறவு மடம். 1901-இல் திருச்சபையால் விலக்கப்பட்டவர் என்பதை அறிந்தும் விருந்தினர் விடுதியில் அவருக்கு இடம் தந்தனர். மறுநாள் காலை அவர் முதிய துறவியர் வாழும் தனிக்குடில்களின் பக்கமாக நடந்து சென்றார். உள்ளே போகாமல் திரும்பிவிட்டார். சில நாட்களில் அஸ்தாபவோ ரயில் நிலைய அதிகாரியின் வீட்டில், இன்னொருவரின் விருந்தாளியாக, அவர் உயிர் பிரிந்தது.